லெவல் 3 தேர்வுக்கு எந்த ஸ்கீ?

நவம்பர் பிறந்தால் வெர்மான்ட் மலைகளில் செயற்கைப் பனி தூவும் இயந்திரங்கள் இரைய ஆரம்பிக்கும். அதே வாரத்தில் என் வாட்ஸாப்பிலும் ஒரு கேள்வி வந்து நிற்கும். "அண்ணா, இந்த சீசன்ல லெவல் த்ரீ போயிடலாம்னு இருக்கேன். எந்த ஸ்கீ வாங்கட்டும்?" வாரநாளில் சாஃப்ட்வேர், வாரக்கடைசியில் பனிச்சறுக்குப் பாடம் என்று ரெட்டை வேலை பார்க்கிற நம்மாட்கள் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் ஒரு சிலர் உண்டு. அவர்களில் யாராவது கேட்பார்கள். இல்லாவிட்டால் லிஃப்டில் பக்கத்தில் உட்காரும் சக பயிற்றுநர் கேட்பார். எல்லோரும் எதிர்பார்ப்பது ஒரு மாடல் பெயர். பெயர் சொல்ல எனக்கு அரை நிமிஷம் ஆகாது. அதை வைத்துக்கொண்டு அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது என்பதால்தான் இந்த நீளப் பதிவு.

ஸ்கீ பக்கமே போகாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. அமெரிக்காவில் பனிச்சறுக்கு சொல்லிக்கொடுப்பவர்களுக்குச் சான்றிதழ் தருகிற அமைப்பு பிஎஸ்ஐஏ. 1961-இல் மொன்டானா மாநிலத்து ஒயிட்ஃபிஷ் ஊரில் ஆரம்பித்தது. மொத்தம் மூன்று நிலைகள். முதல் நிலை, அன்றைக்குத்தான் பூட்ஸ் மாட்டியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க. இரண்டாவது, ஓரளவு இறங்கத் தெரிந்தவர்களுக்கு. மூன்றாவதுக்கு வந்துவிட்டால் எந்த மாணவர், எந்தச் சரிவு என்ற வரையறை கிடையாது. அதிலும் சறுக்கிக் காட்டும் தேர்வு தனி, கற்பித்துக் காட்டும் தேர்வு தனி. ஸ்கீ பற்றிய தூக்கம் கெட்ட கவலை எல்லாம் சறுக்கிக் காட்டும் தேர்வுக்கு மட்டும்தான். கற்பித்தல் தேர்வில் காலில் எந்தப் பலகை இருந்தாலும் வேலை செய்ய வேண்டியது வாய்.

தேர்வு நாள் எப்படி இருக்கும் என்றால், சின்னக் குழுவாக மலை மேல் போவீர்கள். தேர்வாளர் ஒரு வேலை சொல்வார். இந்த மரத்திலிருந்து அந்தக் கம்பம் வரை குறுந்திருப்பங்கள். அல்லது ஒற்றைக் காலில் நாலு திருப்பம். அல்லது மோகல் மேடுகளுக்கு நடுவே ஒரே தாளத்தில். சொல்லிவிட்டுக் கீழே போய் நின்றுகொள்வார். நாம் ஒவ்வொருவராக இறங்க வேண்டும். 1 முதல் 6 வரை மதிப்பெண், 4 வந்தால் தரத்தைத் தொட்டாயிற்று. வேலைகளின் பட்டியல் பிராந்தியத்துக்கும் சீசனுக்கும் ஏற்ப மாறும். ஆனாலும் கார்விங் (வழுக்கவிடாமல் விளிம்பிலேயே நின்று திரும்புவது), குறுந்திருப்பம், மோகல், ஒற்றை ஸ்கீ, பிவட் ஸ்லிப், புதியவர்களுக்குச் செய்துகாட்டும் மெதுவான திருப்பங்கள் என்ற சுற்றுவட்டத்துக்குள்தான் சுழலும்.

தேர்வாளர் தேடுவது ஐந்து அடிப்படைகள். உடல் எடையை ஸ்கீயின் நீளவாக்கில் முன்னும் பின்னும் நகர்த்தத் தெரிகிறதா, திருப்பத்தில் அழுத்தம் வெளிக்கால் ஸ்கீக்குப் போகிறதா, விளிம்புச் சாய்வைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறதா, மேலுடம்பு சும்மா இருக்கக் கால்கள் மட்டும் திரும்புகின்றனவா, பனியிலிருந்து திரும்பி வரும் விசையை உள்வாங்க முடிகிறதா. இவ்வளவுதான். இந்த ஐந்தும் அவருக்கு நம் முகத்தில் தெரியாது. முக்கால்வாசி ஸ்கீயின் நுனியிலும் வாலிலும், அது பனியில் விட்டுப்போன கோட்டிலும்தான் தெரியும். ஆகவே ஸ்கீ என்பது இங்கே நம் சார்பில் பேசும் ஆள். சில ஸ்கீகள் நாம் சொல்லாததையும் சேர்த்துப் பேசும். சில, நாம் சொன்னதில் பாதியை விழுங்கிவிடும்.

சரி, என் கட்சி இதுதான்: எந்த வேலையில் நீங்கள் பலவீனமோ அந்த வேலைக்கு ஸ்கீ வாங்குங்கள். பலம் இருக்கிற இடத்துக்கு வாங்காதீர்கள்.

கேட்க எளிதாக இருக்கிறது. கடையில் நின்றால் மனசு எதிர்ப்பக்கம்தான் இழுக்கும். கார்விங் நன்றாக வருகிறவர் கார்விங் இன்னும் நன்றாக வரும் ஸ்கீயைத்தான் தடவிப் பார்ப்பார், ஏனென்றால் அவருக்கு ஸ்கீயிங் என்றால் சந்தோஷம் தருவது அந்தப் பகுதி. ஆனால் தேர்வு அப்படிக் கணக்குப் போடுவதில்லை. ஒரு பகுதியில் அள்ளியதை வைத்து இன்னொரு பகுதியில் விட்டதை முழுசாக ஈடுகட்டிவிட முடியாது. பலமான வேலையில் ஸ்கீ கொஞ்சம் ஒத்துழைக்காமல் போனாலும் உங்கள் கால் சமாளிக்கும். பலவீனமான வேலையில் ஸ்கீயும் எதிராக நின்றால் தப்பிக்க வழியே இல்லை.

நான் பார்த்தவரையில் இந்தப் பக்கத்தில் லெவல் 3-க்கு வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, ஆறு ஏழு வயதிலேயே பந்தயக் கிளப்பில் சேர்ந்து கம்பங்களுக்கு நடுவே வளர்ந்தவர்கள். இவர்களுக்கு விளிம்பில் நிற்பது மூச்சு விடுவது மாதிரி தானாக வரும். விளிம்பை விடச் சொன்னால்தான் திண்டாட்டம். இரண்டாவது வகை நம்மைப் போல, இருபத்தைந்து வயதுக்கு மேல் முதல்முதலாகப் பனியைப் பார்த்து, நிறுத்தத் தெரிந்தால் போதும் என்று ஆரம்பித்தவர்கள். நமக்கு ஸ்கீயை வழுக்கவிட்டுத் திருப்புவது பழக்கம். அதையும் பாதி நேரம் தோளைத் திருப்பித்தான் செய்வோம். விளிம்பை நம்பி உடம்பைச் சாய்ப்பது பயம். இந்த இரண்டு பேருக்கும் ஒரே ஸ்கீயைச் சிபாரிசு செய்கிற ஆள், ரெண்டு பேரில் ஒருவரைப் பார்த்ததே இல்லை என்று அர்த்தம்.

இப்போது எண்களுக்கு வருவோம். எந்த ஸ்கீயை எடுத்தாலும் மேலே மூன்று எண்கள் அச்சிட்டிருக்கும், உதாரணமாக 120-68-100. முன்பக்கத்தின் அதிகபட்ச அகலம், நடு இடுப்பின் அகலம், வாலின் அகலம், எல்லாம் மில்லிமீட்டரில். இதை வைத்துக் கடையில் நின்றபடியே கணக்குப் போடலாம். முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் கூட்டினால் 220. இடுப்பை இரண்டால் பெருக்கிக் கழித்தால் மிச்சம் 84. நாலால் வகுத்தால் 21. அதாவது ஸ்கீயின் பக்கவாட்டு வளைவு 21 மில்லிமீட்டர் உள்ளே குழிந்திருக்கிறது. பனியைத் தொடும் நீளம் சுமார் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொண்டு, அதன் வர்க்கத்தை இந்தக் குழிவின் எட்டு மடங்கால் வகுத்தால் 13.4 மீட்டர் வரும். அதுதான் அந்த ஸ்கீயின் ஆரம். நெருக்கமான கம்பங்களுக்கு நடுவே குறுகத் திரும்பும் ஸ்லாலம் பந்தய வகை. இதே நீளத்துக்கு 125-84-108 என்று ஒரு ஸ்கீ இருந்தால் குழிவு 16 மில்லிமீட்டர்தான், ஆரம் 17 மீட்டரைத் தாண்டிவிடும்.

இந்த ஆரம் ஸ்கீ தட்டையாகப் படுத்திருக்கும்போது உள்ள கணக்கு. சாய்க்கச் சாய்க்க ஸ்கீ வளைந்து, திருப்பம் இறுகும். பள்ளிக்கூடத்துக் கோசைன்தான். 45 பாகை சாய்த்தால் 13 மீட்டர் ஸ்கீ 9 மீட்டர் வட்டத்தில் போகும். 60 பாகை சாய்த்தால் ஆறரை மீட்டரில். 18 மீட்டர் ஸ்கீயை அதே 60-க்குச் சாய்த்தாலும் 9 மீட்டருக்குக் கீழே இறங்காது. செங்குத்தான சரிவில் குறுந்திருப்பம் கேட்டால், 18 மீட்டர் ஸ்கீயோடு போகிறவர் வட்டத்தைச் சின்னதாக்கக் கால்களைத் திருப்பித்தான் ஆக வேண்டும். கால் திருப்பம் சுத்தமாக இருந்தால் தேர்வாளருக்கு அது பளிச்சென்று தெரியும். தோள் திருப்பமாக இருந்தால் அதுவும் பளிச்சென்று தெரியும்.

ஸ்லாலம் ஸ்கீ இதற்கு நேர் எதிர். கொஞ்சம் சாய்த்தாலே அது தானாக உள்ளே வரும். குறுந்திருப்பத்தில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தேர்வில் கால்வாசி வேலைகள் மெதுவானவை. புதிய மாணவருக்குக் காட்டுகிற மாதிரி, சைக்கிள் வேகத்தில், விளிம்பைக் கொஞ்சமே கொஞ்சம் போட்டு, இரண்டு ஸ்கீயும் சேர்ந்து மெல்லத் திரும்ப வேண்டும். அங்கே ஸ்லாலம் ஸ்கீ காத்திருக்காது. விளிம்பு வாசனை பட்டதும் பாய்ந்துவிடும். பந்தயக் கிளப்பில் வளர்ந்த ஆட்கள் இந்த மெதுவான வேலைகளில் மார்க் விடுவதைப் பார்த்தால் வெளியாட்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். கூட இருக்கிறவர்களுக்கு ஆச்சரியம் இருக்காது.

பிவட் ஸ்லிப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் தேர்ந்தெடுத்த ஸ்கீ சரியா தப்பா என்பதை இந்த ஒரே வேலை காட்டிக்கொடுத்துவிடும். சரிவுக்குக் குறுக்கே ஸ்கீயை வைத்து, விளிம்பை விட்டு, நேர் கீழாக வழுக்க வேண்டும். வழுக்கிக்கொண்டே கால்களை மட்டும் திருப்பி ஸ்கீயை எதிர்ப்பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும், மறுபடி இந்தப்பக்கம். முகமும் மார்பும் முழு நேரமும் அடிவாரத்தைப் பார்த்திருக்கும். ஸ்கீ ஒரு ஒடுக்கமான பாதையை விட்டு இடமோ வலமோ நகரக் கூடாது. வேகமும் கூடக் கூடாது. செய்து பார்க்காதவர்களுக்கு இது வேலையாகவே தோன்றாது. ஆழமான பக்கவளைவும் கூரான நுனி விளிம்பும் உள்ள ஸ்கீயோடு செய்யும்போது, குறுக்கிலிருந்து நேராகத் திரும்பும் அந்த ஒரு நொடியில், நுனி பனியைக் கவ்வி இழுக்கும். உடனே ஸ்கீ பாதையை விட்டு முன்னால் ஓடும். தேர்வாளர் பேனாவை எடுப்பார்.

இதற்குத் தீர்வு வேறு ஸ்கீ என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். என் வீட்டு நிலவறையில் ஒரு மேசை, இரண்டு பிடிகள், ஒரு எஃகு அளவுச்சட்டம். ஸ்கீயின் அடிப்பகுதியை மேலே பார்க்க வைத்து, சட்டத்தைக் குறுக்கே நிறுத்தி, பின்னால் டார்ச் அடித்துப் பார்ப்பேன். அடித்தளம் சமமாக இருந்தால் வெளிச்சம் விளிம்புகளின் ஓரத்தில் மட்டும் மெல்லிய ஆப்பு போலத் தெரியும். நடுவில் வெளிச்சம் கசிந்தால் பிளாஸ்டிக் அடித்தளம் குழிந்து, எஃகு விளிம்பு இரண்டும் தண்டவாளம் போல உயர்ந்து நிற்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட ஸ்கீயில் உலகச் சாம்பியன் வந்தாலும் பிவட் ஸ்லிப் வராது. புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்த ஸ்கீயிலும் இதைப் பார்த்திருக்கிறேன். கல்சக்கரத்தில் கொடுத்துத் தேய்த்துச் சமன் செய்த பிறகுதான் அந்த ஸ்கீயைப் பற்றி நல்லதோ கெட்டதோ பேச வேண்டும்.

அடுத்தது விளிம்பின் கோணம். அடிப்பக்கத்தில் விளிம்பை அரை பாகையிலிருந்து ஒரு பாகை வரை மேல்நோக்கிச் சீவியிருப்பார்கள். பக்கவாட்டில் இரண்டு அல்லது மூன்று பாகை. பந்தயக்காரர்கள் விரும்புவது அடியில் அரை, பக்கத்தில் மூன்று, தொட்டதும் பிடிக்கும். தேர்வுக்கு நான் சொல்வது அடியில் 0.7-இல் ஆரம்பித்துத் தேவைப்பட்டால் ஒன்று வரை போவது, பக்கத்தில் மூன்று. வெர்மான்டின் பனிக்கட்டியில் பிடிமானம் தருவது பக்கவாட்டுக் கூர்மை. வழுக்கவிடுவது அடிப்பக்கத்துச் சாய்வு. இரண்டும் வெவ்வேறு வேலை, ஒன்றுக்காக இன்னொன்றைப் பலிகொடுக்கத் தேவையில்லை. ஒரு எச்சரிக்கை: அடிப்பக்கத்தில் ஒரு பாகை சீவிய பிறகு, அரைக்குத் திரும்ப வேண்டுமானால் மொத்த அடித்தளத்தையும் கல்லில் தேய்த்து இறக்க வேண்டும். ஆகவே குறைவில் ஆரம்பித்துக் கூட்டிக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம். நுனியையும் வாலையும் அரத்தால் மழுக்கிவிடும் பழைய பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. பெரும்பாலும் அங்கே பிரச்சினை கூர்மையில் இல்லை, அரம் போட்ட பிறகு விளிம்பில் தொங்கும் உலோகப் பிசிறில். நகத்தை விளிம்பில் மெதுவாக இழுத்தால் ஒரு பக்கம் சுரண்டும், மறுபக்கம் வழுக்கும். சுரண்டுகிற பக்கத்தை ரப்பர் கல்லால் இரண்டு தடவை நீவினால் நுனி கவ்வுவது நின்றுபோகும். புது ஸ்கீக்குக் கொடுக்க இருந்த ஆயிரம் டாலர் இப்படித் தப்பித்ததை நண்பர்கள் விஷயத்தில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இடுப்பு அகலத்துக்கு வருவோம். ஸ்கீ பூட்ஸின் அடிப்பாகம் சர்வதேசத் தரப்படி முன்பக்கத்தில் 69 மில்லிமீட்டர் அகலம். ஸ்கீயின் இடுப்பும் ஏறக்குறைய அவ்வளவே இருந்தால் விளிம்பு பாதத்தின் ஓரத்துக்கு நேர் கீழே வரும். 88 மில்லிமீட்டர் ஸ்கீயில் அது பாதத்தைத் தாண்டி வெளியே போய்விடும். கெட்டியான பனியில் அந்த விளிம்பில் நிற்க முயன்றால் ஸ்கீ தட்டையாகப் படுக்கப் பார்க்கும். அதைத் தடுக்கும் வேலை கணுக்காலுக்கும் முட்டிக்கும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாய்க்கவும் அதிக நேரம் பிடிக்கும். மேற்கே, கொலராடோ யூட்டா பக்கம், பொடிப்பனி விழுகிற இடத்தில் இந்தக் கணக்கு வேறு. வடகிழக்கில் தேர்வுக்கு 80-க்கு மேல் போக எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. ஒற்றைக் கால் வேலையில், அதுவும் சுண்டுவிரல் பக்க விளிம்பில் திரும்பச் சொல்லும்போது, 70-க்கும் 84-க்கும் உள்ள வித்தியாசம் உடனே காலில் தெரியும்.

"நல்ல ஸ்கீ போட்டா ஏமாத்துற மாதிரி ஆகாதா அண்ணா?" என்று ஒரு தம்பி கேட்டான். பழைய சந்தேகம் அது. ஹோவர்ட் ஹெட் என்ற விமானப் பொறியாளர் அலுமினியத் தகடு வைத்து ஸ்கீ செய்து 1950-இல் விற்க ஆரம்பித்தபோது, திரும்புவது அவ்வளவு சுலபமாகிவிட்டது என்று அவற்றை 'ஏமாற்று ஸ்கீ' என்றே கேலி செய்தார்கள். பிறகு 1993-இல் ஸ்லோவேனியாவின் ஈலான் நிறுவனம் எஸ்சிஎக்ஸ் என்ற ஸ்கீயை விற்பனைக்குக் கொண்டுவந்தது. யூரி ஃபிராங்கோ, பாவெல் ஷ்கோஃபிட்ஸ் என்ற இரண்டு பொறியாளர்களின் வேலை. அதுவரை கிட்டத்தட்ட நேர்ப்பலகையாக இருந்த ஸ்கீக்கு இடுப்பு வந்தது அதன் பிறகுதான். அப்போதும் அதே முணுமுணுப்பு. இன்றைக்கு இடுப்பில்லாத ஸ்கீயில் லெவல் 3-க்கு வருபவர் யாரும் இல்லை. இந்தத் தேர்வில் ஸ்கீயின் அளவுக்குக் கட்டுப்பாடும் இல்லை. உலகக்கோப்பையில் ஆண்களின் ஸ்லாலம் ஸ்கீ 165 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, ஜயன்ட் ஸ்லாலம் ஸ்கீயின் ஆரம் 30 மீட்டருக்குக் குறையக் கூடாது என்றெல்லாம் சட்டம் உண்டு. நமக்கு அந்த வம்பு கிடையாது. ஒரு ஸ்கீ உங்கள் குறையை மறைக்கிறதா, இருக்கிற திறமையை வெளியே காட்டுகிறதா என்பதை கீழே நின்று பார்க்கும் தேர்வாளர் கண்டுபிடித்துக்கொள்வார். அது அவர் வேலை.

மோகலில் நிறையப் பேருக்கு நடுக்கம், எனக்கும்தான். அங்கே நீளத்தைவிட வால்தான் முக்கியம். ஸ்கீயின் மரக்கருவுக்கு மேலும் கீழும் டைட்டனால் என்ற உலோகத் தகடு வைப்பார்கள் (பெயரைப் பார்த்து டைட்டானியம் என்று நினைக்க வேண்டாம், அலுமினியக் கலவைதான்). இரண்டு முழுத் தகடு வைத்த பந்தய ஸ்கீயில் வால் இரும்பு மாதிரி. வேகத்தில் அது பிடிமானம். மோகல் பள்ளத்தில் எடை ஒரு இஞ்ச் பின்னால் போய்விட்டால் அதே வால் உங்களை அடுத்த மேட்டின் மேல் தூக்கி எறியும். கடையில் ஸ்கீயின் வாலைத் தரையில் ஊன்றி, நடுவில் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தால் ஓரளவு தெரியும், ஆனால் முழுசாகத் தெரியாது. பனியில் போட்டுத்தான் பார்க்க வேண்டும். எழுபது கிலோ எடையுள்ள ஆளுக்கு சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் (எஃப்ஐஎஸ்) பந்தயத்துக்கான அசல் ஸ்லாலம் ஸ்கீ தேவையே இல்லை. அட்டாமிக் ரெட்ஸ்டர் எஸ்9, ரோஸினோல் ஹீரோ எலைட் போன்ற கடை ரகங்கள் அதே குடும்பம், மனிதர்களுக்காகச் செய்தவை.

ஆக, நம்மைப் போலத் தாமதமாக ஆரம்பித்தவர்களுக்கு என் பேச்சு: 66-லிருந்து 72 வரை இடுப்பு, 13-லிருந்து 15 மீட்டர் ஆரம், முன்பக்கம் கொஞ்சம் இளகியது. விளிம்பு பிடிக்கும் என்ற நம்பிக்கை காலுக்கு வர இந்த ஸ்கீ உதவும். பந்தயக் கிளப் பிள்ளைகளுக்கு: 74-லிருந்து 80 இடுப்பு, 16-லிருந்து 18 மீட்டர் ஆரம். ஸ்டோக்லி லேசர் ஏஎக்ஸ் இந்த ரகம், 78 மில்லிமீட்டர். ஸ்விட்சர்லாந்தின் மால்ட்டர்ஸ் ஊரில் செய்கிறார்கள், விலையும் ஸ்விட்சர்லாந்து விலைதான். நான் போடுவது 170 சென்டிமீட்டர் நீளம், 72 இடுப்பு, 15 மீட்டர் ஆரம். மெதுவான வேலைகளில் பொறுமையாக இருக்கிறது, பனிக்கட்டியில் கைவிடுவதில்லை. நீண்ட வேகத் திருப்பத்தில் மட்டும் நுனி லேசாகப் படபடக்கும். அது எனக்கு வருகிற வேலை, அதனால் கவலைப்படவில்லை.

யாரும் பேசாத ஒரு விஷயம், பூட்ஸை ஸ்கீயோடு பூட்டும் பைண்டிங்கின் உயரம். முன்பக்கத்தைவிடக் குதிகால் பக்கம் சில மில்லிமீட்டர் தூக்கியிருக்கும். எவ்வளவு என்பது பிராண்டுக்குப் பிராண்ட் வேறுபடும். பூட்ஸ் அடி 30 சென்டிமீட்டர் சொச்சம் நீளம். அதில் மூன்று மில்லிமீட்டர் கூடினால் நிற்கும் கோணம் அரை பாகைக்கு மேல் மாறுகிறது. கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் ஐந்து அடிப்படைகளில் முதலாவதே எடையை முன்னும் பின்னும் வைப்பது. ஒரு ஸ்கீயில் சீசன் முழுக்கப் பழகிவிட்டு, கடையில் வாடகைக்குத் தரும் உயரமான பைண்டிங்கோடு இன்னொன்றைத் தேர்வுக்கு எடுத்துப் போனால் முதல் மூன்று ஓட்டம் உடம்பு தன் இடத்தைத் தேடிக்கொண்டிருக்கும். கல்யாண வீட்டுக்கு வரும் சமையல்காரர் அண்டா குண்டான் எல்லாம் அங்கே இருந்தாலும் தன் கரண்டியைக் கையோடு கொண்டுவருவார் இல்லையா, அப்படித்தான். பாடம் எடுக்கிற ஸ்கீயும் தேர்வு ஸ்கீயும் ஒன்றாகவே இருப்பது உத்தமம். கல்லும் புல்லும் தெரியும் டிசம்பரில் வேண்டுமானால் பழசைப் போட்டுக்கொள்ளுங்கள், அதிலும் பைண்டிங் ஒரே பிராண்டாக இருக்கட்டும்.

வாங்குவதற்கு முன் போட்டுப் பார்க்கும் டெமோ நாளில் எல்லோரும் செய்வது ஒன்றுதான். நன்றாகச் சீவிய அகலமான சரிவில் நாலு கார்விங் திருப்பம் போட்டுவிட்டு "அட்டகாசம்" என்று சொல்லிக் கார்டை எடுப்பது. அந்தச் சரிவில் எந்த ஸ்கீயும் அட்டகாசம்தான். வரிசையைத் தலைகீழாக்குங்கள். லிஃப்டிலிருந்து இறங்கியதும் முதல் வேலை பிவட் ஸ்லிப். அடுத்து ஒற்றைக் காலில், இரண்டு விளிம்பிலும். பிறகு புதியவருக்குக் காட்டும் மெதுவான திருப்பம். பிறகு சரிவில் மிக வழுக்கலான, எல்லோரும் ஒதுங்கிப் போகிற அந்த ஓரத்தில் குறுந்திருப்பம். மோகல் திறந்திருந்தால் ஒரு வரிசை. இதெல்லாம் முடிந்த பிறகு, ஆசைக்கு கார்விங். இந்த வரிசையில் போனால் மூன்றாவது வேலைக்குள்ளேயே பாதி ஸ்கீகள் கழிந்துவிடும். முடிந்தால் சக பயிற்றுநர் ஒருவரைக் கீழே நிறுத்திப் போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். காலுக்குப் பிடித்த ஸ்கீயும் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் ஸ்கீயும் பல சமயம் ஒன்றாக இருப்பதில்லை.

பருவத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். மார்ச்சில் தேர்வு என்றால் காலை எட்டரைக்குச் சரிவு கண்ணாடி. மத்தியானம் இரண்டு மணிக்கு அதே சரிவு சர்க்கரைக் கூழ். இரண்டு ஜோடி கொண்டுவந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாற்றுகிற ஆட்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மாற்றிய ஸ்கீயோடு உடம்பு ஒத்துப்போக ஒரு ஓட்டம் வேண்டும், அந்த ஓட்டத்திலேயே அடுத்த வேலையைச் சொல்லிவிடுவார்கள். ஈரப் பனிக்கேற்ற மெழுகு போட்டு ஒரே ஸ்கீயில் நாளைக் கடத்துவது மேல்.

பூட்ஸ் பற்றி ஒரே வரி: பூட்ஸ் சரியில்லையென்றால் இதுவரை படித்ததை எல்லாம் மறந்துவிட்டு, ஸ்கீக்கு வைத்திருந்த பணத்தை நல்ல பூட் ஃபிட்டரிடம் கொடுங்கள்.

பணம் என்றதும் கடைசியாக ஒன்று. பிஎஸ்ஐஏ உறுப்பினர்களுக்கு நிறையக் கம்பெனிகள் தள்ளுபடி தருகின்றன, முதலில் அதைப் பாருங்கள். அதுவும் கைக்கு எட்டாவிட்டால், இலையுதிர் காலத்தில் ஊருக்கு ஊர் பள்ளிகளும் கிளப்புகளும் நடத்தும் ஸ்கீ ஸ்வாப் சந்தைகள் இருக்கின்றன. பந்தயக் கிளப் பிள்ளைகள் வளர்ந்து விட்டுப்போன ஸ்லாலம் ஸ்கீகள் அங்கே பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். முதலில் விளிம்பின் எஃகு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். வாராவாரம் அரம் போட்டவை அவை, சில நூல் மாதிரி தேய்ந்திருக்கும். அடுத்து உங்கள் பூட்ஸ் அடியின் நீளத்துக்கு அந்த பைண்டிங் நகருமா என்று கேளுங்கள். நகரும் என்றாலும் அவசரப்பட வேண்டாம். பைண்டிங் கம்பெனிகள் எந்தெந்த மாடலுக்கு இன்னும் பொறுப்பேற்கிறோம் என்று வருஷா வருஷம் பட்டியல் விடும். பட்டியலிலிருந்து விழுந்த பழைய பைண்டிங்கைக் கடைக்காரர் தொடக்கூட மாட்டார். அப்படி இருந்தால் புது பைண்டிங்கின் விலையையும் அதை மாட்டும் கூலியையும் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.